நீல நாக்கும் ஒரு ஸ்டிக்கரும்

நேற்றைய பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. கலர் ஜெலி தின்று நீலமாகிப்போன நாக்கை அக்கா மகள் நீட்டிக் காட்டிய, நான் போட்ட அந்தப் படம்தான். பாதிப் பேர் சிரிப்புக்குறி போட்டீர்கள். சரி, சிரியுங்கள். நாக்கு நீலமானது என் பிரச்சினையே இல்லை. அந்த ஜெலிப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று வாசிக்க முடியவில்லை, அதுதான். எழுத்து சீனமா கொரியனா, அதுகூட விளங்கவில்லை. இறக்குமதிக்காரரின் ஸ்டிக்கர் ஒன்று, சரியாகத் திகதியின் மேலேயே ஒட்டியிருந்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

"தம்பி, சின்ன வயசுல நாங்க கலர் முட்டாய் தின்னலையா, செத்தா போயிட்டோம்?" என்கிறார் ஒருவர். தின்றோம் அண்ணே. திருவிழாவுக்கு வந்த பஞ்சு முட்டாய்க்காரர் பின்னால் தோட்டத்து லய வீட்டிலிருந்து கோயில் வரை ஓடியவன்தான் நான். அதே பஞ்சு முட்டாயைத்தான் 2024 பெப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் தடை செய்தன. துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் அதில் அகப்பட்டது. நாம் சாகவில்லை என்பது ஆய்வு அறிக்கை ஆகிவிடுமா?

நிறமூட்டியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வாட்ஸ்அப் பயமாம். ஈ102, ஈ110, ஈ129 உட்பட ஆறு நிறமூட்டிகளில் ஒன்று இருந்தாலும், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் இது சட்டம். தடை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எழுதத்தான் சொல்கிறார்கள். நானும் அதைத்தானே கேட்கிறேன்? எழுதுங்கள், நான் வாசிக்கிற எழுத்தில்.

கடைக்காரர் வயிற்றில் அடிக்கிறேனாம். கடைப் பெயரை எங்கே போட்டேன்? அவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது, பாவம்.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது" என்று எழுதியவருக்கு மட்டும் இரவெல்லாம் பதில் தேடினேன். 2015இல் இலங்கையில் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தபின் தோட்டங்களில் வேறு களைக்கொல்லி அடித்தார்கள். அதில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் நம் தேயிலையில் இருப்பதை ஜப்பான்காரர்கள் பிடித்தார்கள். அப்போது அவர்கள் எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அந்தத் துளிக்கு இங்கே எத்தனை பரபரப்பு! அம்மா பறித்த கொழுந்து அடுத்தவர் வாய்க்குப் போகுமுன் அப்படிச் சலிக்கிறார்கள். அம்மாவின் பேத்தி வாய்க்குள் போவதற்கு ஒரு ஸ்டிக்கர் போதும்.

"வாங்கிக் கொடுத்தது நீங்கதானே?" ஆமாம், நான்தான். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்து, ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று அவசரத்தில் வாங்கினேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

பாக்கெட்டை இன்னும் எறியவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், படம் அனுப்புகிறேன். சிரிப்புக்குறி போட்டவர்களும் வரலாம்.