தோற்ற ஆட்டத்தை ஒருவரும் பார்ப்பதில்லை, ரேட்டிங்கை மட்டும் பார்க்கிறார்கள்

"ஏனுங்க மாஸ்டர், பையனுக்கு எந்த ஓப்பனிங் சொல்லிக் குடுக்கறது? சிசிலியனா, லண்டனா?"

ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்; சிசிலியன், லண்டன் எல்லாம் அதில் வகைகள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கோபி, எந்த ஊரில் செஸ் டோர்னமென்ட் நடந்தாலும் வாசலில் இதே கேள்விதான். பையன் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு குதிரையையோ பிஷப்பையோ சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறான். எதிராளி இப்போது வைத்த காய் எதை மிரட்டுகிறது என்று ஒரு நொடி பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஏழாவது நகர்வில் யானையை இழக்கிறவனுக்கு எந்த ஓப்பனிங் இருந்தால் என்ன?

அதை விட்டால் அடுத்தது, "ரேட்டிங் எப்பங்க வரும்?" வந்துவிட்டால், "எப்பங்க ஏறும்?" ரேட்டிங் என்பது போட்டி முடிவுகளை வைத்து ஓர் ஆட்டக்காரரின் பலத்துக்குப் போடுகிற எண். ஒன்பது வயதுக் குழந்தையை அறிமுகப்படுத்தும்போதே பேருக்குப் பின்னால் ரேட்டிங்கையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சரி, அந்த நம்பர் எப்படி வருகிறது என்றாவது தெரியுமா? 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே கணக்கையே மாற்றியது. 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் புள்ளி ஏற்றிக் கொடுத்தார்கள். 1500-ல் இருந்தவர் ஒரே நாளில் 1700 ஆனார், 1000-ல் இருந்தவர் 1400 ஆனார். முந்தின நாள் ராத்திரி ஆடிய ஆட்டம்தான் மறுநாள் காலையிலும். ஒரு நகர்வு கூடுதலாக யாருக்கும் தெரிந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்கு மிட்டாய் கொடுத்தவர்களை நான் பார்த்தேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் புள்ளி வேகமாக ஏறி இறங்கும்படிதான் விதியே வைத்திருக்கிறார்கள். சமமான ரேட்டிங் உள்ள ஒருவரிடம் ஓர் ஆட்டம் தோற்றால் 20 புள்ளி போய்விடும், ஜெயித்தால் 20 வரும். வளரும் பிள்ளையின் ரேட்டிங் ஆடத்தான் செய்யும். அதைப் போய் மாசாமாசம் எடுத்துப் பார்த்து, இறங்கினால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்துகொண்டால் அந்தக் குழந்தை என்ன செய்யும்?

இது செஸ்ஸோடு பிறந்த வியாதி இல்லை. ப்ளஸ் டூ மார்க்குக்காகப் பிள்ளைகளை நாமக்கல் பக்கம் விடுதியில் கொண்டுபோய் அடைத்துப் பழகிய கை, செஸ் போர்டையும் அதே மாதிரிதான் பிடிக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் சில பயிற்சி வகுப்புக்காரர்கள் "ஆறு மாதத்தில் ரேட்டிங் உறுதி" என்று போர்டு மாட்டுகிறார்கள். உறுதியா? எதிரில் உட்கார்ந்திருக்கிறவனும் அதே வகுப்பில் அதே உறுதிக்குப் பணம் கட்டியவன்தானே? அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஓப்பனிங். ஏனென்றால் அதுதான் வீட்டுக்குப் போய் ஒப்பிக்கத் தோதானது. பையன் பன்னிரண்டு நகர்வு மூச்சுவிடாமல் வைத்துக் காட்டுவான், பெற்றவர்களுக்கும் கட்டிய பணம் வேலை செய்கிறது என்று தோன்றும். எதிராளி மூன்றாவது நகர்விலேயே புத்தகத்தில் இல்லாத ஒன்றை வைத்தால் பிள்ளை திருதிருவென்று முழிக்கும்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த டோர்னமென்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ரவுண்டு முடிந்து ஒரு சிறுமி வெளியே வருகிறாள். கையில் ஸ்கோர் ஷீட்டின் கார்பன் காப்பி, நாலாக மடித்து ஈரமாகிக் கிடக்கிறது. அப்பா பனியன் கம்பெனிக்காரர், லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். குழந்தை வாயைத் திறப்பதற்குள் ஷீட்டைப் பிடுங்கி, நகர்வுகளைப் போனில் அடித்து, சிறந்த நகர்வைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செஸ் இன்ஜினைத் தட்டி, அத்தனை பேர் முன்னால் கத்துகிறார்: "பாருங்க மாஸ்டர், ஜெயிக்கற ஆட்டத்தைய டிரா பண்ணிப்போட்டு வந்து நிக்கறா! இதுல பூச்சியம் காட்டுது பாருங்க!" பூச்சியம் காட்டுகிறது, அதாவது இரண்டு பக்கமும் சமம் என்கிறது, சரி. ஏன் பூச்சியம் என்று அவருக்கும் தெரியாது, அந்தப் போனும் சொல்லாது.

பக்கத்தில் காலியாக இருந்த போர்டில் அந்த நிலையை வைக்கச் சொன்னேன். அவள் ராஜா இ4-ல், ஒரே ஒரு சிப்பாய் இ2-ல், எதிராளி ராஜா இ6-ல் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). நகர்த்த வேண்டியது அவள். ஆட்டத்தில் ராஜாவைப் பக்கவாட்டில் தள்ளி, அடுத்து சிப்பாயை இரண்டு கட்டம் ஓட்டிவிட்டாள். அதோடு வெற்றி கைவிட்டுப் போனது. "இப்ப யோசிச்சுப் பாரு அம்மிணி, அவசரமில்லை" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சிப்பாயை ஒரே ஒரு கட்டம், இ3-க்கு நகர்த்தினாள். "இதைய வெச்சா அவன் ராஜா நகுந்தே ஆகோணுமுங்க. அப்ப எனக்கு வழி உட்ருவான்." அவ்வளவுதான். ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும்போது நகர்த்த வேண்டியவர் வழிவிட்டாக வேண்டும் என்கிற ஆப்போசிஷன் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது, அவளே கண்டுபிடித்தாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. உடனே அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அதைய உள்ளயே வெச்சிருக்கலாமுல்ல?" குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அந்தப் பெண் லண்டன் சிஸ்டம் முழுவதும் ஒப்பிப்பாள். ராஜாவும் ஒரு சிப்பாயும் மிஞ்சினால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஓரச் சிப்பாய் இல்லாதபோது, சிப்பாய்க்கு முன்னால் தன் ராஜா ஆறாவது வரிசையை எட்டிவிட்டால் எதிராளி எங்கே நின்றாலும் வெற்றி என்பது ஒரு சாயங்காலத்தில் படிக்கிற விஷயம். யானை ஆட்டத்தில் ஜெயிக்க லுசேனா நிலை, டிரா பண்ண பிலிடோர் நிலை என்று இரண்டு இருக்கின்றன, ஆயுசுக்கும் உதவும். இதெல்லாம் "கடைசியில பாத்துக்கலாம்" என்று தள்ளுகிறார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனது எந்த ஆட்டத்தில்? பதினான்காவது ஆட்டம், டிராவாகப் போய்க்கொண்டிருந்த என்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம். எதிரில் ஆடிய டிங் லிரென் தவறாக யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். குகேஷ் யானையை மாற்றினார், பிஷப்பை மாற்றினார், மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வந்தது அங்கேதான். அதற்கு ஸ்டேட்டஸ் வைத்த அத்தனை பேரும் வீட்டில் பிள்ளையை ஓப்பனிங் மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள்.

அப்புறம் இந்த இன்ஜின். அதே குகேஷைக் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இன்ஜின் பக்கமே விடவில்லை என்பது பேட்டிகளில் வந்த செய்தி. நம் ஊரில் ஆட்டம் முடிந்த அடுத்த நிமிஷமே ஸ்டாக்ஃபிஷ் என்கிற இன்ஜின். அது விடையைச் சொல்லிவிடும். பிள்ளை அந்த இடத்தில் என்ன நினைத்தது, எதைப் பார்க்காமல் விட்டது, ஏன் பயந்தது என்று அது சொல்லாது. முன்னேறுவதற்கு வேண்டியதே அதுதான். தோற்ற ஆட்டத்தை முதலில் பிள்ளையே மறுபடி வைத்துப் பார்த்து, எங்கே சந்தேகம் வந்தது என்று பேனாவில் குறிக்கட்டும். பிறகு சொல்லிக் கொடுப்பவரிடம் காட்டட்டும். இன்ஜின் அதற்கும் பிறகு, சரிபார்க்க மட்டும். இதைச் சொன்னால் "அதுக்கெல்லாம் நேரமேதுங்க" என்கிறார்கள். ராத்திரி பத்து மணி வரை போனில் ஒரு நிமிஷ புல்லட் ஆட மட்டும் நேரம் இருக்கிறது! புல்லட் ஆடி ஆடிக் கை பழகிவிடுகிறது, தொண்ணூறு நிமிஷம் கொடுத்தாலும் இருபது நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுகிறார்கள். தினமும் அரை மணி நேரம் டாக்டிக்ஸ் கணக்கு, அதாவது காய் பிடிக்கும் தந்திரப் புதிர்கள் போட்டு, வாரத்துக்கு ஒரு நீண்ட ஆட்டம் ஆடினால் போதும். லிசெஸ் என்கிற இணையதளத்தில் புதிர்கள் அத்தனையும் இலவசம், ஒரு பைசா வேண்டாம். இலவசம் என்பதாலோ என்னவோ யாருக்கும் மதிப்பு இல்லை.

ஈரோட்டில் இருந்து இனியன் 2019-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இந்த மண்ணில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோமனூரில், பல்லடத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதில் பாதிப் பேர் ஒன்பதாவது முடித்ததும் காணாமல் போகிறார்கள். பெண் பிள்ளைகள் அதற்கும் முன்னாலேயே. போர்டும் கடிகாரமும் பரணுக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால், "பத்தாவது வந்துருச்சுங்க, ரேட்டிங்கும் ஒண்ணும் பெருசா வரலை, நிறுத்திப்போட்டோம்" என்கிறார்கள். அவன் தோற்ற ஆட்டம் ஒன்றையாவது அவனோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். இதுவரை ஒருத்தரும் ஆமாம் என்று சொன்னதில்லை.