"இப்பதான் தொடங்கினது"

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எழும்புகிற மாடிக் கட்டடம் ஒன்றில் என் அக்காவின் மகன் டைல்ஸ் வெட்டுகிறான். போன கிழமை வேலை முடிந்து அறைக்கு வந்தவனின் சட்டைப் பையிலிருந்து ஒற்றைச் சிகரட் ஒன்று விழுந்தது. குனிந்து எடுத்தான். இமை மயிரில்கூட வெள்ளைத் தூள்.

"மாமா, இப்பதான் தொடங்கினது. ஒரு மாதமும் இல்லை. ஒன்றும் செய்யாது."

நான் பயந்ததே அந்த "இப்பதான்" என்ற சொல்லுக்குத்தான்.

2003இல் ஈராக்குக்குப் போன அமெரிக்கப் படையினரில் சிலர் திடீரென்று மூச்செடுக்க முடியாமல் விழுந்தார்கள். எல்லாம் ஓடியாடித் திரிந்தவர்கள். சார்ஸா, அந்த்ராக்ஸா, போட்ட தடுப்பூசியா என்று ஆளுக்கொரு கதை. இராணுவம் ஈராக்குக்கும் ஜெர்மனிக்கும் விசாரணைக் குழுக்களை அனுப்பியது. 2003 மார்ச் முதல் ஒரு வருடத்தில் ஈராக்கிலும் அதற்கு அருகிலும் பணியிலிருந்த ஏறத்தாழ 183,000 பேரில் 18 பேருக்கு வந்தது திடீரென்று தாக்கும் இயோசினோபில் நிமோனியா என்ற நுரையீரல் நோய் என்று கண்டார்கள். அவர்களின் இடைநிலை வயது 22. பன்னிரண்டு பேருக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டி வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள்.

பதினெட்டுப் பேரும் சிகரட் குடித்தவர்கள். அதில் 14 பேர் அண்மையில்தான் தொடங்கியவர்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் நுண்ணிய மணல் தூசிக்குள் நின்றவர்கள். எதனால் வந்தது என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பிறகு தென் கொரியப் படையினரிடமும் இந்த நோயைப் பார்த்தபோது, அங்கேயும் புதிதாகப் புகைக்கத் தொடங்கியவர்கள்தான் அதிகம்.

இயோசினோபில் என்பது ஒவ்வாமை வந்தால் கூடுகிற ஒரு வெள்ளை அணு. இந்த நோயில் அது நுரையீரலுக்குள் போய் நிறைந்துவிடுகிறது. காய்ச்சல், இருமல், எக்ஸ்றேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. பார்த்தால் சாதாரண நிமோனியா மாதிரித்தான். தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனையும் பல நேரம் காட்டிக்கொடுக்காது. குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பார்த்தால்தான் பிடிபடும். அன்டிபயோட்டிக் இதற்கு வேலை செய்யாது. நேரத்தோடு ஸ்டீரொய்ட் கொடுத்தால் பெரும்பாலானோர் சில நாட்களில் எழும்பிவிடுவார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: டொக்டர் "சிகரட் குடிப்பீரா?" என்று கேட்டால் மட்டும் போதாது, "எப்ப தொடங்கினீர்?" என்றும் கேட்க வேண்டும். அம்மா பக்கத்தில் நிற்கிறாரே என்று எங்கள் பெடியன்கள் வாயே திறக்க மாட்டார்கள். அம்மாமாரே, அந்த ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். அவன் உண்மையைச் சொல்லட்டும்.

டைல்ஸ் தூளும் ஈராக் மணலும் ஒன்றல்ல. இது மிக அரிதான நோய், மருமகனுக்கு வரும் என்றும் நான் சொல்லவில்லை. மணலிலும் கல்லிலும் இருக்கிற சிலிக்கா கலந்த அந்தத் தூள் வருடக்கணக்கில் செய்கிற கேடு வேறு, அதுவும் பெரியது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "தண்ணி விட்டு வெட்டினால் தூள் எழும்பாதுதான் மாமா, பாஸ் குழாய் தரமாட்டார்" என்றான்.

நாளைக்கு நான் பாஸைப் பார்க்கப் போகிறேன்.