கல்லீரல் மாற்றியவர் முடங்கிப்போவாரா? ஒரு திருத்தம்
கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அப்புறம் ஓடியாட முடியாது, ஆயுசுக்கும் வீட்டோடுதான் என்று ஒரு பதிவில் ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியல்ல.

அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் கிறிஸ் க்ளக் 2000 ஜூலையில் கல்லீரல் மாற்றிக்கொண்டவர். கிடைத்தது இறந்துபோன 13 வயதுச் சிறுவனின் கல்லீரல். 2002 பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். அந்தப் பதக்கப் போட்டிக்கு நடுவே பூட்ஸ் கொக்கி உடைந்துவிட, டேப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சறுக்கினார்! பிறகு உறுப்பு தானத்துக்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்.

நீங்களே பார்க்கலாம். ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ தளத்தில் 2002, ஸ்னோபோர்டிங், ஆண்கள் பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் முடிவுகளைத் திறந்தால் மூன்றாம் இடத்தில் அவர் பெயர் இருக்கும். உறுப்பு மாற்றியவர்கள் ஓடி, நீந்திப் போட்டியிடும் உலக விளையாட்டு விழாவும் 1978 முதல் நடக்கிறது.

மாத்திரை வாழ்நாள் முழுக்க உண்டு, உண்மைதான். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் தெம்பு திரும்பாது. எப்போது, எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது கல்லீரலுக்காகக் காத்திருந்தால், தயவுசெய்து 'ஆயுசுக்கும் வீட்டோடுதான்' என்கிற அந்தப் பதிவை அவருக்கு அனுப்பிவிடாதீர்கள்.