உன் டிம்மே இப்படி என்றால், எதிரில் வருகிறவன் எங்கே போவான்?

நேற்று ராத்திரி செஞ்சி தாண்டி திருவண்ணாமலை ரோட்டில் எனக்கு எதிரில் வந்த காரை ஓட்டியவரே, இதைக் கொட்டித் தீர்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

தூரத்தில் முதலில் ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் தெரிந்தீர்கள். வழக்கம்போல நான் டிம்முக்கு இறக்கினேன். நீங்கள் இறக்கவில்லை. சரி, மறந்திருப்பார் என்று ஒரு தடவை பிரைட் அடித்து ஞாபகப்படுத்தினேன். அசையவில்லை. மறுபடியும் அடித்தேன். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தீர்கள். உங்களுடைய நிஜமான பிரைட்டைப் போட்டுக் காட்டினீர்கள். அப்படியானால் அதுவரை என் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது உங்கள் டிம்! நான் டிம்மில்தான் வருகிறேன், உனக்கு என்னய்யா பிரச்சினை என்று எனக்குப் பதில் வேறு சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பதிலில் என் முன்கண்ணாடி முழுக்க வெளுத்துப் போனது. கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிக் கறை தெரிந்தது, வைப்பர் இழுத்த கோடு தெரிந்தது. ரோடு மட்டும் தெரியவில்லை.

எதிர் லைட்டைப் பார்க்காதே, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போ என்று ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பார்வையை இடது பக்கம் திருப்பினேன். அந்த இடத்தில் கோடு தேய்ந்து போய்க் கிடக்கிறது. தார் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் வண்டி போய்விடும். மூன்று விநாடி கண் தெரியவில்லை என்றால் 50 மீட்டர் குருடனாக ஓட்டியிருக்கிறேன் என்று அர்த்தம். நடு ரோட்டில் சட்டென்று நிறுத்தவும் முடியாது, பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வருகிறது. காலை பிரேக்கில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துகிறேன். நீங்கள் விர்ரென்று கடந்து போனீர்கள். கடந்த பிறகாவது தெரிந்ததா? இருட்டு இன்னும் கெட்டியானது. கண்முன்னே பச்சையும் ஊதாவுமாக ஒரு வட்டம் மிதக்கிறது. அந்த வட்டத்துக்குள்ளிருந்து ஒரு டி.வி.எஸ். 50 வருகிறது. பின்னால் புல்லுக்கட்டு, அந்தக் கட்டு டெயில் லைட்டை மறைத்திருக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரின் வேட்டி நுனி காற்றில் படபடப்பது தெரிகிற தூரத்தில்தான் அவரையே பார்த்தேன். ஸ்டீரிங்கை ஒடித்ததில் என் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி அந்தப் புல்லை உரசிக்கொண்டு போனது. பெரியவர் என்னைத் திட்டினார். என்னைத்தான் திட்டினார். திட்டு வாங்க வேண்டிய நீங்கள் அதற்குள் கோட்டையைத் தாண்டியிருப்பீர்கள்.

அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் எஃப்.ஐ.ஆர். யார் பெயரில் விழுந்திருக்கும்? உங்கள் வண்டி நம்பர்கூட எனக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் நம்பர் பிளேட்டை எவன் பார்ப்பான்?

உங்களுக்கு இந்த பல்பை மாட்டிக்கொடுத்தவரை எனக்குத் தெரியும். உங்கள் ஊர்க் கடைக்காரரைச் சொல்லவில்லை, அந்த ரகத்தைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் என் காரில் ஒரு பக்க பல்பு ஃபியூஸ் ஆகி, மாற்றப் போயிருந்தேன். "ஹாலஜன் எல்லாம் பழசுண்ணே, யார் இப்ப போடுறா? எல்.இ.டி. போடுங்கண்ணே, ராத்திரி பகல் மாதிரி இருக்கும்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டியில் 20,000 லூமன் என்று அச்சடித்திருக்கிறது. லூமன் என்பது பல்பு கொட்டுகிற வெளிச்சத்தின் அளவு. ஹாலஜன் எச்-4 பல்பின் பிரைட்டே 1,650 லூமன்தான், டிம் 1,000. இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறி பாய்ந்து எரிகிற எச்.ஐ.டி. பல்பு, அதுவும் கம்பெனியிலிருந்தே வருவது, 3,200. இருபதாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "ரெண்டு பல்புக்கும் சேர்த்துண்ணே" என்கிறார். அப்புறம் கடைச் சுவரில் அடித்துக் காட்டினார். மூன்றடி தூரத்துச் சுவர்! சுவர் வெள்ளையாகப் பளபளக்கத்தான் செய்யும். 80 மீட்டருக்கு அப்பால் குறுக்கே ஓடுகிற நாயை அந்தச் சுவர் காட்டுமா? எதிரில் வருகிறவனின் கண்ணைக் காட்டுமா?

பல்பு வேறு, ஹெட்லைட் வேறு. இதை ஒருத்தர்கூட வாங்குகிறவரிடம் சொல்வதில்லை. எச்-4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் கீழே போகிற வெளிச்சத்தை மறைக்கிறது. ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, ரோட்டைப் பார்த்துக் கீழே இறங்குகிறது. எதிர் வண்டியின் கண்ணுக்குப் போகாமல், நமக்கு இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலேறித் தெரிகிற மாதிரி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த இழை இருக்கிற இடத்தை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் செய்யப்பட்டிருக்கிறது. இழை அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே வெளிச்சம் வேறு இடத்துக்குப் போய்விடும். நீங்கள் மாட்டியிருக்கும் எல்.இ.டி.யில் இழையே கிடையாது. ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் பட்டையாக சில்லுகள் ஒட்டியிருக்கின்றன. அந்தத் தகட்டின் தடிமன் போதும், வெளிச்சம் சிதறி மேலே ஏற. அதில் கொஞ்சம் திருகலாக வேறு மாட்டிவிட்டால் கதை முடிந்தது.

எச்.ஐ.டி. கிட் போட்டவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டியில் பற்றவைக்கவே 20,000 வோல்ட்டுக்கு மேல் தள்ளுகிற பேலஸ்ட் பெட்டியை பேட்டரிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ அடித்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். ஹாலஜன் இழைக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெளிச்சத்தைக் கொட்டினால் அது எங்கே போகும்? என் முகத்துக்குத்தான் வருகிறது. ஐரோப்பாவில் 2,000 லூமனுக்கு மேல் போகிற டிம் லைட் என்றால், பாரம் ஏறி வண்டி பின்னால் அமுங்கினாலும் தானாகவே இறங்கிக்கொள்கிற ஏற்பாடும், ஹெட்லைட்டைக் கழுவுகிற ஏற்பாடும் இருந்தாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். வெளிச்சம் கூடினால் பொறுப்பும் கூட வேண்டும் என்று அங்கே யோசித்தார்கள். ஜெர்மனியில் ஹாலஜனுக்குப் பதிலாக எல்.இ.டி. பல்பு மாட்டுவதற்கு 2020-ல்தான் முதல் அனுமதியே கொடுத்தார்கள். அதுவும் எந்த மாடலின் எந்த ஹெட்லைட்டில் சோதித்துப் பார்த்தார்களோ அந்தப் பட்டியலில் இருப்பதற்கு மட்டும். இங்கே டீக்கடைக்குப் பக்கத்தில் பத்து நிமிஷத்தில் மாட்டிவிடுகிறார்கள்.

இவ்வளவும் செய்து உங்களுக்காவது நன்றாகத் தெரிகிறதா என்றால், அதுவும் இல்லை! பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் வெள்ளை வெளேரென்று இருக்கும். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து உங்கள் கண்மணி சுருங்கும். அதற்கு அப்பால் இருப்பது இன்னும் இருட்டாகிவிடும். மழை பெய்து தார் நனைந்திருந்தால் அந்த வெள்ளை வெளிச்சம் ரோட்டில் பட்டு எங்கேயோ போய்விடும், பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாது. பல்புக்குப் பின்னால் ஃபேன் நீட்டிக்கொண்டிருப்பதால் ரப்பர் மூடி சேராது, அதை வெட்டிவிட்டிருப்பார்கள். ஒரு மழை தாண்டியதும் ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்து நிற்கும். இதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 106 மீட்டர் கணக்கிலேயே சொல்கிறது: லைட்டிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலது பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண் கூசக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஹெல்மெட்டுக்கு நிறுத்துகிறார்கள், நிறுத்தட்டும், நல்லதுதான். ராத்திரி பத்து மணிக்கு ஒரு காரை ஓரங்கட்டி, டிம் போடு பார்க்கலாம் என்று யாராவது சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? வாடகை வண்டியாவது எஃப்.சி.க்கு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம் கேள்வியே கிடையாது. ஒரு காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த அக்கறைகூட இப்போது இல்லை.

வெளிச்சம் பத்தவில்லை என்கிற குறை நியாயமானது, அதை நான் மறுக்கவே இல்லை. பல வண்டியில் ஹாலஜன் அழுது வடிகிறது. ஆனால் காரணத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளேறியிருக்கும், அதை பாலிஷ் போடுங்கள். மெல்லிசு வயரில் சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிற கரண்டில் வோல்ட் குறைந்திருக்கும், பேட்டரியிலிருந்து நேராக கரண்ட் வருகிற மாதிரி நல்ல ரிலே வயரிங் போடுங்கள். அதே 60/55 வாட் பல்பு எப்படி எரிகிறது என்று அப்புறம் பாருங்கள். ஸ்டீரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கிறதே, பின் சீட்டும் டிக்கியும் நிறைந்தால் லைட்டை இறக்கத்தான் அது இருக்கிறது. அதையும் தாண்டி வேண்டும் என்றால் லென்ஸ் வைத்த புரொஜெக்டரோடு முழு ஹெட்லைட்டையே அனுமதி உள்ளதாக மாற்றுங்கள். செலவு ஆகும். ஆகட்டுமே! பல்பில் நீங்கள் மிச்சம் பிடித்த காசுக்கு நேற்று அந்தப் பெரியவர் விலையாகியிருப்பார்.

நாலுவழிச் சாலையில் நடுவே அரளிச் செடி வைத்து எதிர் லைட்டை மறைக்கிறார்கள். எங்கள் ரோட்டில் அரளி வைக்க நடு ஏது? எதிரில் வருகிறவன் மனசு வைத்தால்தான் உண்டு.

அப்புறம், கரும்பு டிராக்டர்காரர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. ஆலைக்குப் போகிற இரட்டை டிரெய்லருக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூடக் கிடையாது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கிடையாது, இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டு பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒருத்தர் கண்ணைக் கெடுக்க வெளிச்சம் போடுகிறார், நீங்கள் ஐம்பது ரூபாய் ஸ்டிக்கருக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள். பஞ்சர் ஆனால் ஓரமாக ஒதுக்குங்களய்யா! டயரைக் கழற்றிவிட்டு, ரோட்டு நடுவில் நாலு கல்லை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறீர்கள். மறுநாள் டிராக்டர் போய்விடுகிறது, கல்லை மட்டும் எவனும் எடுப்பதில்லை!