மார்கழி இரவின் சூட்டை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

கோடை வெயிலைப் பற்றிப் பேச நமக்கு ஆயிரம் வாய்கள் இருக்கின்றன. சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டினால் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் படம், தெருமுனையில் மோர்ப்பந்தல், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை. மார்கழியில் குளிர் குறைந்தால் மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை. "இந்த வருடம் பனி அவ்வளவாக இல்லை, நல்லதாகப் போயிற்று" என்று சொல்லிவிட்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த "நல்லதாகப் போயிற்று" தான் என் வயிற்றைக் கலக்குகிறது. துன்பமாக வரும் மாற்றத்தை எதிர்த்துக் கேள்வி கேட்க ஆள் உண்டு. சுகமாக வரும் மாற்றத்தை யார் கேட்பார்கள்?

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் காவிரி டெல்டாக்காரர்கள். இன்று மாசி பிறந்தால் மின்விசிறி இல்லாமல் கண் மூட முடிவதில்லை. நினைவை மட்டும் நம்பி இதை எழுதவில்லை, பழைய குளிர் நினைவில் எப்போதுமே கொஞ்சம் கூடித்தான் தெரியும். எண்களைப் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவுகள் 1901-லிருந்து இருக்கின்றன. நாடு முழுவதற்குமான பகல் வெப்பநிலைச் சராசரியில் 2023 பிப்ரவரி அதுவரை கண்டிராத உயரத்தைத் தொட்டது. இரவும் பகலும் சேர்ந்த சராசரியில் 2025 பிப்ரவரி எல்லாப் பிப்ரவரிகளையும் முந்தியது. இடையில் வந்த 2024, அந்தப் பதிவுகளிலேயே மிக வெப்பமான ஆண்டு. இரண்டே ஆண்டு இடைவெளியில் பின்பனிக்காலம் இரண்டு முறை சாதனை படைத்திருக்கிறது. இதைச் சாதனை என்று எழுதவே கை கூசுகிறது.

"போன ஜனவரியில் ஊட்டி உறைந்து போனதே, பார்க்கவில்லையா?" என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். பார்த்தேன். 2024 ஜனவரியில் ஊட்டிப் பக்கம் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கியது. புல்வெளியெல்லாம் வெள்ளை பூத்தது. அதே ஆண்டுதான் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டாகவும் முடிந்தது. சில இரவுகளின் கடுங்குளிர் ஒரு நாட்டின் பருவத்தை விளக்கிவிடாது. காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலத்தை 'சில்லை கலான்' என்கிறார்கள். அந்தக் காலத்திலும் 2024 ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்க்கின் பனிச்சறுக்குச் சரிவுகள் காய்ந்த புல்லாகக் கிடந்தன. மலைமேல் பனி விழாவிட்டால் கீழே ஊற்றுகளில் தண்ணீர் ஏது?

எனக்கு மலையைவிட வயலைப் பற்றித்தான் அதிகம் கவலை. ஆவணி, புரட்டாசியில் போட்ட சம்பா கார்த்திகை, மார்கழியில் பூத்து, பால் பிடித்து, தையில் அறுவடைக்கு வருகிறது. கதிரில் மணி நிறையும் அந்த வாரங்கள் குளிர்ந்த இரவுகளின் மேல் விழும்படிதான் நம் பட்டம் அமைந்திருக்கிறது. நெற்பயிர் பகலில் வெயிலில் சம்பாதித்ததில் ஒரு பங்கை இரவில் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. இரவு சூடானால் செலவு கூடும், மணிக்குப் போய்ச் சேர்வது குறையும். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் பண்ணையின் பதிவுகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1979-லிருந்து 2003 வரை அங்கே பகல் உச்ச வெப்பநிலை 0.35 டிகிரிதான் கூடியிருந்தது. இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையோ 1.13 டிகிரி கூடியிருந்தது. வறண்ட பருவப் பயிரில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது மகசூல் பத்து சதவீதம் குறைந்ததையும் கண்டார்கள். அந்த எண்ணை அப்படியே மன்னார்குடி வயலுக்குப் பொருத்த முடியாது. மண் வேறு, ரகம் வேறு. ஆனாலும் பத்து சதவீதம் என்பதைப் படித்துவிட்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. களத்தில் பதர் கூடினால் நாம் உரத்தைத் திட்டுகிறோம், விதையைத் திட்டுகிறோம், புகையான் பூச்சியைத் திட்டுகிறோம். இரவு வெப்பத்தின் பெயர் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை.

சம்பாவுக்குப் பின் வரும் உளுந்தையும் பயறையும் பாருங்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதைத்துவிடுவார்கள். அதற்குத் தனியாக நீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் விடிகாலைப் பனியும்தான் அதற்கு ஆதாரம். இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் இலையில் பனித்துளி இறங்கும். பனியை நம்பி விதைப்பவனுக்கு "இந்த வருடம் பனி இல்லை, சுகமாக இருக்கிறது" என்ற பேச்சு எப்படிக் கேட்கும்? கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து மாந்தோப்புகளிலும் இதே கவலைதான். மா பூக்கக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். குளிர் போதாத ஆண்டில் பூ வரவேண்டிய கிளையில் தளிர் வந்து நிற்கும்.

இரவு ஏன் சூடாகிறது என்பதில் மர்மம் எதுவும் கிடையாது. நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி விடுகிறது. கரியமில வாயு அதை வழியில் பிடித்து ஒரு பகுதியைக் கீழே அனுப்புகிறது. 1896-லேயே சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வான்டே அர்ஹீனியஸ், காற்றில் கரியமில வாயு கூடினால் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறையும், கோடையைவிடக் குளிர்காலம் அதிகம் பாதிக்கப்படும் என்று கணக்குப் போட்டு எழுதிவிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சூரியன் உக்கிரமானதுதான் காரணம் என்றால் பகல்தான் முந்திக்கொண்டு சூடாகியிருக்க வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் கான்கிரீட்டும் இரவைச் சூடாக்குகிறது, உண்மை. குல்மார்க் சரிவில் எந்தக் கான்கிரீட் இருக்கிறது?

இனி என் கோபத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மிக நல்ல முடிவு, மனமார வரவேற்றேன். ஆனால் வெப்ப அலை என்ற கணக்கே பகல் வெப்பத்தை வைத்துப் போடப்படுவது. வானிலைத் துறையிடம் 'வெப்ப இரவு' என்று ஒரு வகையும் இருக்கிறது. இரவு வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கூடவே பகல் வெப்பம் 40 டிகிரியையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. மார்கழியில் எந்த ஊரில் பகல் நாற்பது டிகிரி அடிக்கும்? ஆக, குளிர்கால இரவு எவ்வளவு சூடேறினாலும் ஏட்டில் அதற்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாத இழப்புக்கு யாரிடம் போய் மனுக் கொடுப்பது? மனிதருக்கான எச்சரிக்கைக்கு அந்த விதி பொருந்தலாம். பயிருக்கு வேறு விதி வேண்டும். பால் பிடிக்கும் பருவத்து இரவு வெப்பநிலையை வட்டாரம் வட்டாரமாக வெளியிடுவதும், பயிர் இழப்பைக் கணக்கிடும்போது அதையும் சேர்ப்பதும் முடியாத காரியங்கள் அல்ல. வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் டெல்டா வயலுக்கு வந்துவிட்டது. ஆடுதுறையில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து நமக்கு ரகங்களைத் தந்துகொண்டிருக்கிறது. இரவு வெப்பத்தைத் தாங்கும் ரகத்துக்கும் அதே அவசரம் காட்ட வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் குறைதீர் கூட்டங்களில் கேட்கவேண்டும். மரம் நடுவோம் என்று மட்டும் சொல்லி என் வாயை அடைக்க வேண்டாம். நடுவோம், ஆனால் எண்ணூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எரியும் நிலக்கரியின் கணக்கை நான்கு வேப்பங்கன்றுகள் தீர்த்துவிடாது.

திருவாரூர், நாகை, தஞ்சைப் பக்கம் சம்பா வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். பயிர் பூத்த தேதி, அதற்குப் பிந்தைய வாரங்களில் விடிகாலைப் பனி இருந்ததா, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை நெல் கண்டது, பதர் எவ்வளவு என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். போன ஆண்டுக் கணக்கு நோட்டு கையில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு அச்செடுத்து எடுத்துப் போகிறேன்.