நெளியிறதெல்லாம் பிளனேரியா இல்லை

"மீன் தொட்டிக் கண்ணாடியில ஊருற வெள்ளைப் புழு எல்லாம் பிளனேரியா, திருகோணமலை உப்புவெளிக் கடல் தண்ணி ஒரு வாளி ஊத்தினால் சரி" எண்டு மேலே போட்டிருக்கிறது பிழை, அண்ணா. நீங்கள் போட்ட படத்தில இருக்கிறது மயிர் மாதிரி மெல்லிசு, தண்ணிக்குள்ள எஸ் வடிவில நெளியும் டெட்ரிட்டஸ் புழு, அழுகின கழிவைத் தின்னுறது. மீனுக்கு ஒண்டும் செய்யாது. பிளனேரியா தட்டை, முக்கோணத் தலை, ரெண்டு கண்புள்ளி. நெளியாது, வழுக்கிக்கொண்டு போகும்.

சந்தேகமெண்டால் ஊசியில்லாத சிரிஞ்சால ஒண்டை உறிஞ்சி, தொட்டித் தண்ணியோட வெள்ளைப் பீங்கானில விட்டு, 10 மடங்கு லென்ஸால பாருங்கோ. சுருண்டு கிடந்தால் பொறுங்கோ, நீண்ட பிறகுதான் தலை தெரியும். பிளனேரியாவைத் தொட்டிக்குள்ள நசுக்கக் கூடாது. துண்டுகளும் முழுப் புழுவாகும். பென்பெண்டசோல் எண்ட பூச்சி மருந்து பிளனேரியாவைக் கொல்லும், ஆனால் தொட்டியில பாசி தின்ன விடுற நெரைட் நத்தையும் போயிடும்.

கடல் தண்ணியில லீற்றருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு. 60 லீற்றர் தண்ணிக்கு 10 லீற்றர் வாளி ஊத்தினால் லீற்றருக்கு 5 கிராம். மெல்லிய செடிகள் அழுகும், புழுவுக்குத்தான் விருந்து.

டெட்ரிட்டஸ் புழு கண்ணாடியில மேலே ஏறுறது, அடிக்கல்லுக்குள்ள மிச்சத் தீனி அழுகி ஒட்சிசன் குறையிறதால. சைபன் குழாயைக் கல்லுக்குள்ள குத்தி அழுக்கை இழுத்து, கால்வாசித் தண்ணி மாத்துங்கோ. தீனி ரெண்டு நிமிஷத்தில முடியிற அளவு போதும்.