பொருளியல் பாடம் கரைவலையில் தொடங்கட்டும்

திருகோணமலையில் உயர்தரத்துக்குப் பொருளியல் படிக்கும் பிள்ளைகள் மற்றவை மாறாமல் ஆளையோ கருவியையோ மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கூடுதலாகக் கிடைப்பது குறைந்துகொண்டே போகும் என்ற குறைந்து செல் விளைவு விதியை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள், வரைபடமும் கீறுவார்கள். உதாரணம் கேட்டால் எங்கேயோ இருக்கும் ஒரு தொழிற்சாலையைச் சொல்வார்கள். சல்லியிலும் குச்சவெளியிலும் கரைவலை, அதாவது கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் வலை, இழுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

கரைவலையில் மீனை விற்று, செலவைக் கழித்து, மிச்சத்தை வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். மீன் படாவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஏன் நாட்கூலி இல்லை, பங்கு? கூலி என்றால் வெறும் வலை வந்தாலும் முழு நட்டமும் முதலாளிக்கு. இழுக்கிறவர் கை தளர்ந்தால் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். பங்கு என்றால் இடரும் பகிரப்படும், எல்லாரும் மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு தவணை பாடம் நடத்தலாம்.

பொதுவில் கிடக்கும் வளத்தை ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று 1968 இல் அமெரிக்கச் சூழலியலாளர் கரெட் ஹார்டின் எழுதினார். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, ஊர்ச்சனம் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றிய இடங்களும் உண்டு என்று காட்டியவர் எலினோர் ஒஸ்ட்ரோம். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். அவருடைய 1990 ஆம் ஆண்டு நூலில் நம் நாட்டுக் கரைவலையும் வருகிறது, தெற்கே மாவெல்ல என்ற கிராமம். அங்கே முறை வைத்துத்தான் வலை போட்டார்கள். மீன் விலை ஏற, புது வலைகள் சேர்ந்துகொண்டே போயின. கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. மீன் கூடவில்லை, ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறைதான் குறைந்தது. பிள்ளைகள் பாடமாக்கிய விதி இதுதான். ஒஸ்ட்ரோம் அதைத் தோல்வியாகவே எழுதினார்.

அதனால்தான், பாரம்பரிய அறிவு என்று கண்காட்சியில் வலையைத் தொங்கவிட்டுக் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முற்பணம் வாங்கியவர் அதே முதலாளிக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதையும், கருவாடு போடும் பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாததையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் தங்கள் கரையின் பங்கு முறையைக் கேட்டு எழுதி வரட்டும். வித்தியாசங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்ற கேள்வி தானாக வரும்.

சோதனைக்கு உதவாது என்பார்கள். சரி, வட்டி வீதம் சோதனைக்கு வருகிறதுதானே? அம்மா பிடிக்கும் ஏலச்சீட்டின் கணக்குக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த மாதம் எவ்வளவு கழிவுக்கு ஏலம் போனது, முதலில் எடுத்தவர் என்ன வட்டி கட்டினார், கடைசியில் எடுத்தவருக்கு என்ன மிஞ்சியது என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.